காலால் மண்ணைத் தேய்க்கும் பொம்மை

பொம்மைக்காரருக்கு முகம் செதுக்க வராது. யாரைச் செய்தாலும் மூக்கு ஒரே உருண்டைதான். ஆனாலும் பொம்மையைப் பார்த்ததும் இன்னார் என்று தெரு கண்டுபிடித்துச் சிரித்துவிடும். மனிதர்களின் கோணங்கித்தனம் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. பேசும்போது வயிற்றைத் தடவும் தையல்காரர், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் டாக்டரம்மா என்று எல்லாரும் பட்டறை ஜன்னலோரம் சாண் உயரத்தில் நிற்கிறார்கள். கோபித்துக்கொண்டவர் கிடையாது. "என்னை எப்ப செய்யப்போறீங்க?" என்று நச்சரிப்பவர்கள்தான் அதிகம். மனுஷர் பார்ப்பதில் கெட்டிக்காரர், பார்த்ததை யோசிப்பதில்தான் மந்தம்.

ஜன்னலுக்கு எதிரே கான்ட்ராக்டரின் காலி மனை. அங்கே இறக்கி வைத்திருந்த கட்டடக் கம்பிகளுக்குக் காவல் இருந்தவன் பொம்மைக்காரரின் மச்சினன். போன மழைக்காலத்தில் திடீரென்று காணாமல் போனான். கம்பியைத் திருடி விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்றார் கான்ட்ராக்டர், ஊரும் நம்பியது. அக்காக்காரி, பொம்மைக்காரரின் மனைவி, மட்டும் நம்பவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

அதன் பிறகு கான்ட்ராக்டர் அடிக்கடி மனைக்கு வந்தார். யாரோடு பேசினாலும் சுவரோரம் அதே மூலையில் நின்று, வலது காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மிதித்தார். பொம்மைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? எலும்பைப் புதைத்த நாய் மாதிரி ஒரு வாலும் வைத்து, காலடியில் சின்ன மண்மேடும் செதுக்கினார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. தம்பி போன பிறகு முதல் தடவையாக மனைவிக்குக்கூட உதட்டோரம் சிரிப்பு வந்தது.

இன்று காலை கான்ட்ராக்டரே பட்டறைக்கு வந்து பொம்மையைக் கையில் எடுத்தார். வாலைப் பார்த்துச் சிரித்தார். மண்மேட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"காலுக்குக் கீழ என்னங்க இது?"

"மண்ணுதாங்க. நீங்க எப்பவும் அந்த மூலையில..."

 தான் என்ன செதுக்கியிருக்கிறோம் என்று பொம்மைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.  பாவம், அந்தப் பையன் ஓடிப்போகவே இல்லை.

"உங்க வீட்டுக்காரம்மா இதைப் பார்த்தாங்களா?" கான்ட்ராக்டரின் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இல்லைங்க. அவ இந்தப் பக்கமே வர்றதில்ல."

"நல்லது. இனிமே விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கட்டும்."

பொம்மையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு அவர் தெருவைக் கடந்தார். மனைக்குள் போய் மூலையில் நின்றார். கால் தானாக மண்ணைத் தேய்க்க ஆரம்பித்தது.

டீ கொண்டுவந்த மனைவி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். பொம்மைக்காரர் அவள் வாயைப் பொத்த எழுவதற்குள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இங்க பாருங்களேன், அப்படியே நீங்க செஞ்ச பொம்மை மாதிரியே மிதிக்கிறாரு."

எதிரே அந்தக் கால் நின்றது. கான்ட்ராக்டர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.