கழுவிக் கொடுத்த கடற்பஞ்சு

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கட்டுரை. கடற்பஞ்சிலிருந்து எடுத்த சாறு கிருமியைக் கொல்கிறது என்று எழுபதுகளில் எழுதியது. அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். மேடையில் யாராவது அதைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்தும்போது எழுந்து போய்விடலாமா என்றிருக்கும். போனதில்லை. உட்கார்ந்து சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

அப்போது மெட்ராஸில் மருந்தியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் என்பதால், அந்தக் கடலில் கிடைப்பதை ஆராயும் வேலையைப் பேராசிரியர் என் தலையில் கட்டினார். சங்கு குளிக்கப் போகும் வள்ளத்தில் பெண்ணை ஏற்ற மாட்டார்கள். ஆகவே சங்கு குளிக்கும் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத்துக்காரி என்றால் டீச்சராகத்தான் இருப்பாள் என்பது அவர் முடிவு. கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். ஜாடி நிறைய ஸ்பிரிட் கொடுத்து, பஞ்சை எடுத்தவுடன் இதில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். மனிதர் அதைக் குடித்துவிடுவாரோ என்றுதான் வழியெல்லாம் பயம்.

குடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜாடியைப் பத்திரமாக ஒப்படைத்தார். அந்தப் பஞ்சிலிருந்து எடுத்த சாற்றின் துளி விழுந்த இடத்தில், தட்டில் வளர்த்த கிருமிகள் வட்டமாகச் செத்துக் கிடந்தன. பேராசிரியர் ஆய்வகம் முழுவதற்கும் காபி வாங்கிக் கொடுத்தார். கட்டுரையில் அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சீசனில் நானே கடற்கரையில் காத்து நின்றேன். வள்ளம் கரை தட்டியதும் பஞ்சை வாங்கி என் கையாலேயே ஸ்பிரிட்டில் போட்டேன். கடலடியில் அதே பாறைத்திட்டு, அதே பஞ்சு, அதே மனிதர். சாற்றில் ஒன்றுமில்லை. நான்கு முறை செய்து பார்த்தும் கிருமிகள் செழிப்பாக வளர்ந்தன. திரும்பவும் தூத்துக்குடிக்குப் போய், போன தடவை பஞ்சை என்ன செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"சங்குன்னாலும் மண்ணுல போட்டு, ஊன் அழுகுன பொறவு கழுவித்தான டீச்சர் குடுப்போம்? நாத்தத்தோட ஒங்க கையில எப்பிடிக் குடுக்க?" என்றார்.

பத்து நாள் மணலில் புதைத்து, நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம்தான் ஜாடியில் போட்டிருக்கிறார். இந்த முறை நான் அவசரப்பட்டுப் பிடுங்கிக்கொண்டேனே என்று அவருக்கு வருத்தம் வேறு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படிக்காத மனிதர் தன் தொழில் மரியாதையைக் காப்பாற்றினார். பஞ்சை என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுரை எழுதிய படித்தவள் நான்தான்.

பேராசிரியரிடம் ஓடினேன். பஞ்சில் ஒன்றுமில்லை, அழுகும்போது அதில் வளர்ந்த ஏதோ ஒன்றுதான் கிருமியைக் கொன்றிருக்கிறது, கட்டுரையைத் திருத்திவிட்டு அதைத் தேடலாம் என்றேன். உண்மையில் அதுதான் பெரிய விஷயம். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"நமக்குத் தெரியாம எவனோ மணல்ல அழுக வச்சான்னு அச்சுல போடச் சொல்றியா? உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றுதான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்காத பட்டம். வாயை மூடிக்கொண்டேன். பட்டம் வந்தது, அதைக் காட்டி வேலை வந்தது. அவர் ஓய்வு பெற்றபின் அவர் நாற்காலியும் வந்தது. திருத்தம் எழுதவிடாமல் அப்போது யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

ஒருநாள் ஒரு கடிதம். வடக்கே ஏதோ கல்லூரியில் ஆய்வு செய்யும் பெண். என் கட்டுரையை நம்பி மூன்று சீசன் பஞ்சு சேகரித்திருக்கிறாள். வள்ளத்திலிருந்தே ஸ்பிரிட்டில் போட்டு, நான் எழுதியபடி ஒவ்வொன்றையும் செய்திருக்கிறாள். ஒன்றும் கிடைக்கவில்லையாம். எங்கே தவறுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள் அம்மா என்று கேட்டிருந்தாள்.

அந்த ஒரு வரி என்னிடம் இருந்தது. பாத்திரங்களின் சுத்தத்தைச் சரிபார்க்கவும், பொறுமையாக மீண்டும் செய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆய்வை விட்டுவிட்டாளாம். தவறு தன் கையில்தான் என்று புரியவைத்ததற்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தாள்.