ஈ ஓட்டாத குதிரை

வடமாலபேட்டையில் ஒரு மோர்க்கடை ஓரமாக லாரி நிற்கிறது. நாளை திருப்பதியில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளைக்கு ஊர்வலம். அதற்காக என் குதிரை லட்சுமியைச் சென்னையிலிருந்து கொண்டுபோகிறேன்.

பின்கதவைத் திறக்கச் சொல்கிறேன். டிரைவர் அசையவில்லை.

"அதான் டிவியில தெரியுதேண்ணே. அப்புறம் கேமரா எதுக்கு?"

பின்பக்கக் கேமராவின் படத்தைக் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருக்கும் சின்ன டிவியில் லட்சுமி தலை நிமிர்ந்து நிற்கிறாள். லாரி என்றாலே மிரளுகிறவள். இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆளையும் பிடிக்கவில்லை.

மோர் கொடுக்க வந்த கடைக்காரம்மா ஜன்னல் வழியாக டிவியை எட்டிப் பார்க்கிறாள். கடைக்குப் பின்னால் அவளுடைய எருமை ஓயாமல் வாலை வீசிக்கொண்டிருக்கிறது.

"இன்னாப்பா, ஒரு ஈகூட ஓட்டாம நின்னுக்கினு கீது? குதிரையா, கொலு பொம்மையா?"

நான் இறங்கிப்போய் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுகிறேன்.

"காதுகூட ஆடலப்பா," என்று அவள் ஜன்னலிலிருந்து கத்துகிறாள்.

படம் எப்போதோ உறைந்துபோயிருக்கிறது. டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறக்கிறேன். முன்னங்காலில் கயிறு சுற்றி, வேர்வையில் நனைந்து, லட்சுமி முட்டிபோட்டுக் கிடக்கிறாள். கயிற்றை அறுக்கிறேன். நடுங்கிக்கொண்டே எழுந்து காலை ஊன்றுகிறாள். கால் உடையவில்லை. நான் கீழே இறங்காமல் அவள் பக்கத்திலேயே நிற்கிறேன்.

புத்தூரிலிருந்து நானும் அந்த டிவியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பின்னாடி ஆள் ஏறக் கூடாதுண்ணே. கேமரா சரியாச்சுன்னா லாரி ஓனர் போன்ல பாப்பாரு," என்கிறான் டிரைவர்.

"பாக்கட்டும். கதவைச் சாத்து."

லட்சுமியின் கழுத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறேன்.