கேப்பர் மலைக்கு முப்பத்து நாலு பல்லு

எங்கள் வீடு கடலூரில் கேப்பர் மலை மேல் இருக்கிறது. ஆபீஸ் கீழே மஞ்சக்குப்பத்தில். காலையில் சைக்கிளில் கிளம்பினால் பெடலை மிதிக்காமலே மலையிறங்கிவிடலாம். சாயங்காலம் திரும்புவதுதான் பாடு. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று இருபத்தோரு கியர் வைத்த சைக்கிள் அது. ஆனால் இரண்டு கிலோ காய்கறி ஏறிவிட்டால் இருபத்தொன்றும் ஒன்றாகக் கைவிட்டுவிடும். பாதி மேட்டில் இறங்கித் தள்ளுவேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து, என் நடை வேகத்துக்குப் பக்கத்திலேயே உருட்டி, பையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிதம்பரத்தில் கியர் சைக்கிளுக்கென்றே ஒரு மெக்கானிக் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மிதித்தே போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்கச் சமதரை; சைக்கிள் தங்கமாக ஓடியது. மெக்கானிக்குக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். மலை ஏற இன்னும் லேசான கியர் வேண்டும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எந்த ஊர்க்காரங்கக்கா நீங்க?”

“கடலூர்.”

“கடலூர்ல கடல் இருக்கு. மலை எங்க இருக்கு?”

போனில் மேட்டின் படத்தைக் காட்டினேன். போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ரோடு நல்லா போட்டிருக்காங்க என்றார். எந்த மேடும் படத்தில் தட்டையாகத்தான் விழுகிறது.

இருந்தாலும் வேலையை எடுத்துக்கொண்டார். பின்னால் பல்லு கூடக் கூட மிதி லேசாகும், வேகம் குறையும். என் சைக்கிளில் பெரிய பல்சக்கரத்துக்கே இருபத்தெட்டுப் பல்லுதான். அந்த அடுக்கை மொத்தமாகக் கழற்றிவிட்டு, முப்பத்து நாலு பல்லு வரைக்கும் போகிற அடுக்கை மாட்டினார். அதற்கேற்ற நீளமான செயின் அவரிடம் இல்லை. அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். அதுவரைக்கும் ஒரே ஒரு விஷயம்: முன்னால் பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது பின்னாலும் பெரியதுக்குப் போகக் கூடாது. செயின் எட்டாது. இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

திரும்பும்போது தெற்குக் காற்று முதுகில் தள்ளியது. முன்னால் பெரியதில் போட்டுப் பறந்தேன். வெள்ளாற்றுப் பாலம் லேசாக ஏறியது. புது முப்பத்து நாலைத் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் வராது என்று தோன்றியது. கியர் லிவரைத் தள்ளினேன். கடக்கென்று ஒரு சத்தம். செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றுவிட்டது. பெடல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

போன் செய்ததும் மெக்கானிக் பைக்கில் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அதுவா மாறிடுச்சு.”

குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“லிவர நீங்க தள்ளலன்னா, வெள்ளாறுதான் தள்ளியிருக்கணுங்க்கா.”

செயின் இழுத்ததில் வளைந்துபோன கியர் மாற்றியை நிமிர்த்தி அனுப்பினார். அடுத்த ஞாயிறு நீளமான செயினைப் போட்டதும், முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று பார்க்காமல் இனி எதை வேண்டுமானாலும் தள்ளலாம் என்றார். அதற்கு மட்டும் நான் தலையாட்டவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் காய்கறியோடு மேட்டைப் பிடித்தேன். முன்னால் சின்னது, பின்னால் முப்பத்து நாலு. கால் மிக்சி மாதிரி சுற்றியது; சைக்கிள் அரிசி மூட்டை மாதிரி நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. ரேஷன் கடையிலிருந்து வந்த எதிர்வீட்டு அம்மா நடந்தே என்னைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் தாண்டிப் போகவில்லை. தன் மருமகள் கதையை ஆரம்பித்து, மேடு முடியும் வரை சொல்லிக்கொண்டே கூட வந்தார். மூச்சு வாங்காததால் என்னால் ‘ம்’ கொட்டவும் முடிந்தது.

உச்சியில் நின்று அவர் கேட்டார்.

“தள்ளிகினு வந்திருந்தா இன்னும் சீக்கிரமா வந்திருக்கலாம் இல்ல?”

“வந்திருக்கலாம். ஆனா நான் எறங்கல.”

அதில் என்ன பெருமை என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் இவ்வளவு நிதானமாகக் கதை கேட்கும் ஆள் அவருக்கும் கிடைத்ததில்லை போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மேட்டின் அடியிலேயே எனக்காகக் காத்திருந்தார்.