குணலட்சுமியின் அரக்குச் சேலை

கோப்பாய்க் குணலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்து புருஷன் நமசிவாயம் செத்தபோது அந்த வாயும் அடைத்துத்தான் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவனுடைய தமையன் மார்க்கண்டர் வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நைலோன் சேலை. பருத்தி கிழிந்துவிடும், இது சாகும்வரை உழைக்கும் என்று கடையில் கேட்டு வாங்கினாராம். மனுசனின் கரிசனையைப் பாருங்கள்!

அடுத்த வருஷம் மகள் அருந்ததி வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு நாள் வைத்தார்கள். தாலி இல்லாதவள் ஆலாத்தி எடுக்க முன்னுக்கு வரக்கூடாது, வெள்ளையோடு குசினிக்குள் அடுப்படியில் நிற்கட்டும் என்று மார்க்கண்டர் சொல்லியனுப்பினார். பெற்ற மகளின் சடங்கைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்பதா? குணலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை செய்தது மருதனார்மடத்தில், செல்வரட்ணத்தின் நைலோன் கயிற்றுப் பட்டறையில். கூடை பின்னும் கயிற்றுக்குச் சாயம் போடுவது அவள் பொறுப்பு. சண்டையில் பாதை மூடியதிலிருந்து கொழும்புச் சரக்கு வருவதில்லை. டின்னின் அடியில் கிடந்த அரக்குச் சாயத்தைக் கேட்டாள், செல்வரட்ணம் கொடுத்தார். அது சந்தையில் விற்கும் சாயப்பொடி அல்ல. நடுவில் குரோமியம் என்ற உலோகம் இருந்து இரண்டு பக்கமும் சாய மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டாலும் சவர்க்காரம் பட்டாலும் லேசில் விட்டுக்கொடுக்காது. பருத்தியில் ஒட்டாது, நைலோன், பட்டு, கம்பளி என்றால் உள்ளே போய் இருந்துகொள்ளும். மார்க்கண்டர் பருத்திச் சேலை வாங்கியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அடுப்பில் பெரிய கிடாரம், அதில் தண்ணீர், அந்தச் சாயம், கொஞ்சம் வினாகிரி. வெள்ளைச் சேலையை அமிழ்த்தி, மெல்ல மெல்லச் சூடேற்றிக் கொதிக்கவிட்டு, தடியால் புரட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் தண்ணீர் தெளிந்துவிட்டது. சாயம் அவ்வளவும் சேலைக்குள்.

அரக்குச் சேலையோடு வந்து நின்றவளைக் கண்டு மார்க்கண்டர் துள்ளினார். பிறகு சிரித்தார்.

"உந்தச் சாயம் ரெண்டு தோய்ச்சலிலை வெளிறிப்போம். பிறகு நீ குசினிக்கைதான்."

"வெளிறினால் குசினிக்கை நிக்கிறன், அத்தான். வெளிறாட்டி நான்தான் ஆலாத்தி எடுப்பன்."

"ஓம், பாப்பம்."

அவருடைய மனைவி இரத்தினம்மா சேலையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். சவர்க்காரத்துக்கு ஊரே தவித்த காலம் அது. மார்க்கண்டர் ஒளித்து வைத்திருந்த கட்டி முழுவதையும் அவளைக்கொண்டு தேய்ப்பித்தார். உச்சி வெயிலில் காயப்போடச் சொன்னார். திரும்பவும் தோய்க்கச் சொன்னார். கரைந்தது சவர்க்காரம்தான். ஓரம் தைத்த பருத்தி நூல் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அதில் சாயம் முதலிலேயே ஏறவில்லை.

சடங்கன்று குணலட்சுமி அந்தச் சேலையைக் கட்டி, ஆலாத்தித் தட்டை ஏந்திக்கொண்டு மகளுக்கு முன்னால் வந்தாள். ஆலாத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும். தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஒருத்தியும் எழும்பவில்லை. அருந்ததி தலையைக் குனிந்துகொண்டாள். குணலட்சுமி தட்டைக் கீழே வைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து இரத்தினம்மா எழுந்தாள். மார்க்கண்டர் முறைத்தார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"உதைத் தோய்ச்சுக் கை நொந்தவள் நான். அது போகாது."

சொல்லிவிட்டு வந்து தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.