கடிவாளமும் என் கையும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். எங்கள் முதலாளி, மெட்ராஸில் ரேஸ் ஓடி ஓய்ந்த ஒரு பெட்டைக் குதிரையை ஆசைப்பட்டு வாங்கி வந்தார். என் அப்பா ஜட்கா ஓட்டியவர் என்பதால் அதைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு வண்டியில் பூட்டிய குதிரைதான் தெரியும், ஏறி உட்கார்ந்ததில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். காலேஜ் நாளில் குதிரையேற்றம் கற்றுப் போட்டிகளுக்கெல்லாம் போனவர். ஞாயிறு காலைகளில் மணிமுத்தாற்றின் காய்ந்த மணலில் பாடம். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிகளை நாலு மூலைக்கும் வைத்து மைதானமாக்கினோம்.

"ஓட வெக்கிறது பெரிசில்லங்க. நீங்க நெனைக்கிற எடத்துல, நெனைக்கிற வேகத்துல அது நடக்கணும். அதுக்குப் பேருதான் டிரெஸ்ஸாஜ்" என்றார்.

குதிரைக்கு அதில் இஷ்டமில்லை. கடிவாள இரும்பு வாயில் பட்டதுமே தலையை மேலே தூக்கிக்கொள்ளும். நான் கடிவாள வாரை இழுப்பேன். அது எதிர்த்து இழுக்கும். இதற்குள் முதலாளி நாள் குறித்துவிட்டார்.

"அடுத்த வாரம் சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. அவங்க முன்னாடி அழகா ஒரு சுத்து வரணும்ப்பா."

சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஓட்டிப்போனேன். பத்து தடவை திமிறியது. ஆத்திரத்தில் இரண்டு கையாலும் வாரை வெட்டி இழுத்தேன். வாயோரம் வந்த நுரை சிவப்பாக இருந்தது. நாக்கின் பக்கம் கிழிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நான் ஏறியதும் டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். "நேத்து எதுனா நடந்துச்சா? காத ரொம்பப் பின்னால வெக்கிது."

"ஒண்ணுமில்லீங்க."

"எறங்குங்க, நான் பாக்குறேன்."

அவர் ஏறி உட்காரும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு நேரமிருந்தது. வாரை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாரைச் சற்றே எடுத்ததும் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது. அவர் சரிந்தார். இடது கால், மிதித்து ஏறும் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. குதிரை அவரை மணலில் இழுத்தபடி ஓடியது. நான் குறுக்கே பாய்ந்து கன்னத்து வாரைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் கொஞ்ச தூரம் இழுத்துப்போய் நின்றது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

காலை விடுவித்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நாக்கு கிழிஞ்சிருக்குதுங்க. நேத்து நான்தான் இழுத்தேன்" என்றேன்.

அவர் குதிரையின் வாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட மறைச்சது இருக்கட்டும். புண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சும் இன்னைக்குக் காலையில எப்பிடிங்க அந்த வாயில இரும்ப வெச்சீங்க?"

எழுந்து போய்க் கடிவாளத்தைக் கழற்றினேன்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் குதிரையைக் கொட்டகையில் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் முதலாளி என் முகம் பார்த்துப் பேசவில்லை.

டாக்டரம்மா இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். கையில் மாவுக்கட்டோடு மறு ஞாயிறே வந்தார். புண் ஆறும்வரை இரும்பு கிடையாது. வெறும் கயிற்று முகவார்தான். "கைய மறந்துடுங்க. இடுப்பால சொல்லுங்க" என்பார்.

இரண்டு மாதம் கழித்து ரப்பர் சுற்றிய கடிவாளத்தை மாட்டினோம். குதிரை தலையைத் தூக்கியது. என் விரல்கள் தாமாகவே இறுகின.

"கை!" என்று கத்தினார்.

பிடியைத் தளர்த்தினேன். இப்போது பாய்ந்து ஓடப்போகிறது என்று நினைத்தேன். அது ஓடவில்லை. கழுத்தை இறக்கி, கடிவாளத்தை மென்றபடி முதல் ஜாடியைத் தாண்டியது. பிறகு அடுத்தது. ஒரு முழு வட்டம்.

"இன்னொரு சுத்து போங்க" என்றார், அவ்வளவுதான்.

அவர் மாற்றலாகிப் போகும்வரை பாடம் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தானே விரல்விட்டு அதன் வாயைத் திறந்து பார்த்த பிறகே என்னை ஏறவிட்டார். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை.