ஜெர்மன் பாட்டில்

கார் கண்ணாடியில் படியும் உப்புக் கறையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் கடலூரில் வேறு யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். பீற்றிக்கொள்ளவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது, அதனால் சொல்கிறேன்.

நான் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். இந்த வேலைக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல நக்கல் பிடித்த ஆள். வருடத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வரும், வராமலும் இருக்கும். நிரந்தர வேலைக்கு மனுப் போட்டுப் போட்டே வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். அண்ணாமலை நகரில் வாடகை வீடு, பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரே மகள். அவளுடைய பீஸுக்காகத்தான் சனி, ஞாயிறுகளில் கார் கழுவி பாலிஷ் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

சிதம்பரத்தில் செய்தால் மாணவர்கள் கண்ணில் படும். கடலூர் செம்மண்டலத்தில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு வைத்திருக்கிறான். பிரஷர் வாஷரையும் வாக்குவம் மிஷினையும் அங்கே வாங்கிப் போட்டோம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கி, பேண்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அரை டிராயருக்கு மாறிவிடுவேன். ஆள் பிடிப்பது, ரேட் பேசுவது எல்லாம் மச்சான் பாடு.

ரேட் பேச எனக்கு வராது. முதல் காரின் சொந்தக்காரர் எவ்வளவு என்று கேட்டபோது, எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு சாமான் செலவாகும் என்று பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். அவர் கொட்டாவி விட்டார். மச்சான் பின்னாலிருந்து, "ஆயிரத்து எறநூறு சார்" என்றான். அவரும் சரி என்றுவிட்டார். எதை வைத்து அந்தத் தொகையைச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

"அவரு செருப்பப் பாத்து சொன்னேன் மாமா."

அவன் பத்தாவது பெயில்.

சாமான் வாங்குவதில்தான் என் படிப்பு குறுக்கே வந்து நின்றது. மற்றவர்கள் பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், நான் பின்பக்கத்தைப் படிப்பேன். கார் ஷாம்பு என்பது சோப்பு. டாஷ்போர்டு பாலிஷ் என்பது தண்ணீரில் கலக்கிய சிலிகான் எண்ணெய். மீதிக் காசெல்லாம் அன்னாசிப் பழ வாசனைக்கும் நீலச் சாயத்துக்கும் மேலே ஒட்டிய பந்தயக் கார் படத்துக்கும் போகிறது. படித்துப் படித்து எரிச்சலாகும். எதையும் வாங்காமல் கடையை விட்டு வெளியே வந்த நாட்கள் உண்டு. மச்சான் தலையில் அடித்துக்கொள்வான்.

உப்புக் கறைக்கு மட்டும் வாங்காமல் தீராது. கடலூரில் பாதி வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். துணியால் தேய்த்தால் போகாது. மச்சான் செல்போனில் பார்த்து ஒரு ஜெர்மன் பாட்டிலை வரவழைத்தான். அரை லிட்டர், ஆயிரத்து நானூறு ரூபாய். நாலு காருக்கு வந்தது. கறை போனது, எங்களுக்கு மிஞ்சியதும் அதோடு போனது.

பிறகு நானே கலந்தேன். பலசரக்குக் கடையில் விற்கிற லெமன் சால்ட் என்ற சிட்ரிக் ஆசிட், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு. மூன்று விதமாகக் கலந்து மச்சானின் ஜன்னல் கண்ணாடியிலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டாவது கலவை பத்து நிமிடத்தில் புள்ளியை எடுத்துவிட்டது. ஆராய்ச்சி முடித்த பிறகு நானாக ஒன்றைச் செய்து, அது வேலை செய்வதைப் பார்த்தது அன்றைக்குத்தான். சின்னப் பையன் மாதிரி மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தனை சந்தோஷம்.

அடுத்த வாரம் ஒரு டிராவல்ஸ் முதலாளி வந்தார். செம்மண்டலத்திலேயே ஆபீஸ், ஏழு கார் ஓடுகிறது. என்ன போடுறீங்க என்று கேட்டார். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார், நானே தயாரித்தது என்று சொன்னேன். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். வேலை நிலையில்லை, வீடு சொந்தமில்லை. இந்த ஒன்றாவது என்னுடையதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"வூட்ல கலந்ததா சார்? அப்ப ரேட்ட பாத்துப் போடுங்க" என்றார். ஐந்நூறு கேட்ட இடத்தில் இருநூறு கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சானுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தா என்னா மாமா? அந்தக் காலி பாட்டில் கெடக்கு, அதுல ஊத்தி வச்சா முடிஞ்சி போச்சு."

முடியாது என்று கத்தினேன். பாட்டிலில் ஒட்டியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் வருட மாணவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தேன். மூன்றாவது வாரம் பீஸ் பாக்கி என்று மகளின் பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தது. புனல் வைத்து ஊற்றினேன்.

அதே திரவம். அதே ஏழு கார்களில் ஒன்று. டிராவல்ஸ் முதலாளி கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் சார்" என்றார். அறுநூறு ரூபாயைப் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். மச்சான் திரும்பி நின்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு காரும் மாத ஒப்பந்தமாக வந்தன. வாடகையும் பீஸும் அதிலிருந்தே கட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று கார் முடித்தால்தான் கட்டுப்படியாகும். லெமன் சால்ட்டோ நிதானமான பொருள், பத்துப் பத்து நிமிடமாக ஊற வேண்டும். அதனால் பாத்ரூம் கழுவும் ஆசிட் விற்கிற கடையில் இன்னும் வீரியமான வேறொரு வெள்ளை ஆசிட் தூளை வாங்கிச் சேர்த்தேன். இரண்டே நிமிடத்தில் கறையைத் தின்றுவிடும். நிழலில் வைத்து, சில்லென்றிருக்கும் கண்ணாடியில் மட்டும் போட்டு, உடனே கழுவிவிட்டால் ஆபத்தில்லை. அது எனக்குத் தெரியும். பாட்டிலுக்குத் தெரியாது. அதில் எந்த இடத்திலும் பயன்படுத்தலாம், பெயிண்ட்டுக்குப் பாதுகாப்பானது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை முதலாளி, "எங்ககிட்டயும் ஒரு பாட்டில் இருக்கட்டும் சார், அவசரத்துக்கு டிரைவர் போட்டுக்குவாரு" என்றார். அவர் காட்டிய டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வடலூரிலிருந்து தினமும் வந்து போகிறவர். முதலாளியின் சொந்தக் காரான கறுப்புக் காரை அவர்தான் ஓட்டுவார். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார்.

வெயிலில் போடாதீங்க, பெயிண்ட்டில் படாமல் பாத்துக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பாட்டில்ல அப்படிப் போடலையே சார் என்று முதலாளி கேட்பார். சொல்லாமல் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நான் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது. முக்கியமான கல்யாணத்துக்குப் புறப்படும் அவசரத்தில், டிரைவர் நடு மத்தியானத்தில் அதை போனட்டில் தாராளமாக ஊற்றித் தேய்த்துவிட்டு, கழுவாமல் டீ குடிக்கப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் போனட் முழுக்கத் தேமல் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

"கம்பெனிக்காரன வுடப் போறதில்ல சார். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு. இதுல என்னா இருக்குன்னு டெஸ்ட் பண்ணி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. கம்பெனி மேல தப்புன்னா நஷ்டஈடு கேக்குறேன். இல்ல, இந்த ஆளு மேல தப்புன்னா சம்பளத்துல புடிச்சிக்கிறேன்."

மறுநாள் பாட்டிலை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு நின்றேன். நான் கலந்து, நான் ஊற்றி, நான் விற்ற பாட்டில்.

சோதிக்காமலே பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் சோதித்தேன். ஏன் என்று கேட்டால், இத்தனை வருடத்தில் வேதியியல் தெரிந்தவன் என்று மதித்து என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. செய்முறை வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு பியூரெட்டைக் கழுவி மாட்டி, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைப் போல் இரண்டு மடங்கு ஆசிட் இருந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே அளவுதான். அவசரத்தில் தூளை ஒரு தடவை போட்டுவிட்டு, மறந்து இன்னொரு தடவை போட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு நிழலில் போட்டிருந்தால்கூட பெயிண்ட் தப்பித்திருக்காது. டிரைவர் மேல் எள்ளளவும் தப்பில்லை. தெளிவாக, மூன்று தசம இடம்வரை சுத்தமாகத் தெரிந்தது.

மச்சானுக்குப் போன் போட்டு, உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க" என்றான். "ஏழு காரும் போயிடும். இந்த ஊர்ல வேற எவனும் உள்ள வுட மாட்டான். போலீசுக்குப் போனாலும் போவாரு. பாத்துக்குங்க மாமா, உங்க இஷ்டம்" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கம்பெனி மேல் தப்பு என்று எழுதினால் கடிதம் ஜெர்மன் கம்பெனிக்குப் போகும், அது எங்கள் சரக்கே இல்லை என்பார்கள். உண்மையை எழுதினால் எல்லாம் போகும். எழுதுவதற்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். மாதிரி சோதிக்கப்பட்டது, அமிலத்தின் அளவு உரிய வரம்புக்குள் உள்ளது, சூடான பரப்பில் தவறாகப் பயன்படுத்தியதே சேதத்துக்குக் காரணம். கீழே பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். நல்ல கையெழுத்து.

முதலாளி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயிண்ட் அடித்த செலவை டிரைவரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார். என் கடிதத்தை போட்டோ எடுத்து மற்ற டிராவல்ஸ்காரர்களுக்கும் அனுப்பியிருக்கிறார், டாக்டர் ஒருத்தரே டெஸ்ட் பண்ணிச் சொன்ன பொருள் என்று. புதிதாக இரண்டு பேர் தேடி வந்தார்கள். மச்சான் கார் ஒன்றுக்கு நூறு ரூபாய் ஏற்றிவிட்டான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஆசிட் கலவையை முழுக்கச் சாக்கடையில் கொட்டினேன். பழையபடி வெறும் லெமன் சால்ட்டுக்கே திரும்பினேன். இதை ஒரு பரிகாரம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மட்டமான நினைப்பு என்று இப்போது தெரிகிறது. இன்னும் சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறுகிறேன். வகுப்பில் மாணவர்கள் சந்தேகம் கேட்டால் மட்டும் முன்பு போல் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிவதில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் டிராவல்ஸ் ஷெட்டுக்குப் போயிருந்தபோது அந்த டிரைவர் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட மனசுக்குள் ஆசை இருந்தது.

"சார், உங்களுக்கும் செரமம் குடுத்துட்டேன்" என்றார். "காலேஜ் வேலய வுட்டுட்டு டெஸ்ட்லாம் பண்ணீங்களாம். எனக்குப் படிப்பு கெடையாது சார். எப்படிப் போடணும்னு ஒருதபா சொல்லிக் குடுங்க, இனிமே தப்பு வராம பாத்துக்குறேன்."

ஓட வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை. கையிலிருந்த பாட்டிலை அவரிடம் கொடுத்து, நிழலில் நிறுத்துங்க, கண்ணாடியில மட்டும் தெளிங்க, பத்து நிமிஷம் வுடுங்க, அப்புறம் நல்ல தண்ணியில கழுவுங்க என்று சொன்னேன். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தார். செல்போனில் நேரம் பார்த்தார். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் வழிந்து புதுப் பெயிண்ட் அடித்த கறுப்பு போனட்டில் விழுந்தது. பதறிப்போய்த் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, அந்த இடத்தையே வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வெறும் லெமன் சால்ட் என்ன செய்துவிடும்?

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"பாத்தீங்களா சார், மொறையா செஞ்சா ஒண்ணும் ஆவல. அன்னிக்கு எம்மேலதான் சார் தப்பு. வூட்டுக்காரிகிட்ட என் தப்பு இல்லன்னு இத்தினி நாளா சண்ட போட்டுக்கிட்டிருந்தேன்."

"ஆமாங்க, இப்ப சரியா செய்றீங்க" என்றேன்.