128-க்குப் பிறகு ஒரு புள்ளி

இந்த ஊர்க்காரர்கள் வாசனையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். நாம் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுநாள் மழையைப் பற்றிப் பேசுவாள். இங்கிலாந்துக்கு வந்த இத்தனை வருடங்களில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே மூக்கைச் சுளித்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், என் தங்கை எஸ்தருக்குப் பிறந்த குழந்தையின் ஈரத்துணியை ஒரு நர்ஸ் முகர்ந்து பார்த்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். அவள் ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

"மேப்பிள் சிரப் வாசனை" என்றார் டாக்டரம்மா. மேப்பிள் ஒரு மரமாம், அதன் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குவார்களாம். சிறுநீரில் அந்த வாசனை அடிக்கிற பிறவி நோய் ஒன்று உண்டு. பாலிலுள்ள புரதத்தை உடம்பால் முழுக்கச் செரித்துக்கொள்ள முடியாது. மிச்சம் தேங்கி மூளையைத் தாக்கும், உயிருக்கே உலை வைக்கும். ரத்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வரும்வரை தாய்ப்பால் கூடாது. "நீங்கள் மருந்து, மூலிகை ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று எஸ்தரைக் கேட்டார். "நோ, டாக்டர்" என்றாள் அவள். அதில் துளிப் பொய் இல்லை.

அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பால் கட்டிக்கினு உயிர் போவுதுக்கா. புள்ள பசில கத்திக்கினு கீது, கண்ணாடிக்கு அந்தாண்ட வச்சிட்டாங்க. நீ லேப் மெஷின்ல வேல செய்றியே, எதுனா பண்ணுக்கா!"

துணியை நானும் முகர்ந்தேன். எனக்கு மேப்பிளெல்லாம் தோன்றவில்லை. புத்தலப்பட்டுதான்! சித்தூரிலிருந்து திருப்பதி ஹாஸ்டலுக்கு பஸ்ஸில் போகையில், கரும்பு காய்ச்சும் பருவத்தில், வழியிலுள்ள அந்த ஊரில் வெல்லப்பாகின் வாசம் ஜன்னல் வழியாக ஏறி சட்டைவரைக்கும் ஒட்டிக்கொள்ளும். திருப்பதியில் எம்.எஸ்ஸி. படித்தபோது வெல்லத்தை இன்னொரு விதமாகவும் பார்த்தேன். அறைத்தோழியின் அக்கா குழந்தைக்குக் கோயிலில் துலாபாரம். மிஷன் குடும்பத்துப் பெண் நான், கூட்டத்தோடு நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டில் குழந்தை வீறிட்டது. மறுதட்டில் வெல்ல உருண்டைகளை அடுக்கினார்கள். அதே திருப்பதியில்தான் எங்கள் லெக்சரர், அணுக்களின் துல்லிய எடையைப் பற்றிய பக்கத்தைத் தெலுங்கில் ஒரே வரியில் தாண்டினார்: "இதி மனக்கு அவசரம் லேதம்மா." இது நமக்குத் தேவையில்லை அம்மா என்று அர்த்தம். வாழ்க ஐயா!

மறுநாள் காலை எஸ்தருக்குக் கொண்டுபோன டிபன் டப்பாவைத் திறந்தேன். ஆவியோடு அதே வாசம். அம்மா சித்தூரிலிருந்து அனுப்பிய வெந்தயத்தை அரைத்து, வெல்லமும் நல்லெண்ணெயும் விட்டு நான் கிண்டிய களி. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் முதல் நாளிலிருந்தே வேளாவேளைக்கு அதுதான். அது மருந்தா, மூலிகையா? சோறு, ஐயா, சோறு! அதனால்தான் அவள் "நோ" என்றாள். அவள் தின்ற சோற்றின் வாசம் பால் வழியாகக் குழந்தைக்கும் போயிருக்க வேண்டும்!

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "வாசனையை வைத்து நான் பாலைக் கொடுக்கச் சொல்ல முடியாது" என்றார். "வாசனையை வைத்துத்தானே நிறுத்தினீர்கள்?" என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் நல்ல மனுஷி. சிறுநீரில் கொஞ்சம் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் என் மெஷின் ஓர் அறை முழுக்க நிற்கும். மூலக்கூறுகளைக் காந்தத்தால் வளைத்து எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நோயின் அமிலங்களைத் தேடினேன். சுவடே இல்லை. பிறகு, வாசனைப் பொருள்கள் பிரிந்து வெளிவரும் நேரத்தில் வரைதாளில் ஒரு முகடு எழுந்தது: எடை 128. கூட வேலை செய்யும் ஜெஃப்ரி எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்தலீன். குழந்தைத் துணிக்குள் அந்துருண்டை போட்டிருப்பீர்கள்" என்றார். அதற்கும் 128தான். ஆனால் ஹைட்ரஜனின் எடை முழு எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆக்ஸிஜனுடையது கொஞ்சம் குறைவு. உள்ளே எந்த அணு எத்தனை என்பதைப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். அந்துருண்டையாக இருந்தால் 128.0626. எனக்குக் கிடைத்தது 128.0473. ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்ஸிஜன். அந்துருண்டையில் ஆக்ஸிஜனே கிடையாது. கையோடு அம்மாவின் வெந்தயத்தை ஊறவைத்த சாற்றையும் செலுத்தினேன். அதே நேரத்தில் அதே முகடு, அதே நான்கு எண்கள். அடிச்சேன் பாரு! ஜெஃப்ரியின் கையைப் பிடித்து நான் குலுக்கிய குலுக்கலில் அவர் டீ கொட்டிப்போயிற்று.

டாக்டரம்மா என் முடிவுத் தாளை இரண்டு முறை படித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து, ரத்தத்தை அப்போதே பார்க்கச் சொல்லி, போன் பக்கத்திலேயே நின்றார். மத்தியானம் பதில் வந்தது: குறையொன்றும் இல்லை. அவரே குழந்தையைத் தூக்கி வந்து எஸ்தரின் மடியில் வைத்தார். அது பால் குடித்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. "துன்னுடா ராசா, நல்லா துன்னு" என்று சிரித்துக்கொண்டே அழுதாள் என் தங்கை. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும்முன் குழந்தையை எடைத்தட்டில் கிடத்தினார்கள். நர்ஸ் பவுண்டு, அவுன்ஸ் என்று சொல்ல வாயெடுத்தாள். பயல் தட்டிலேயே மூத்திரம் பெய்தான். புத்தலப்பட்டு வாசம் எழுந்தது. "காலையில் களியா?" என்று எங்களிடம் கற்ற வார்த்தையை வைத்து வாய்விட்டே கேட்டாள் அவள். ஊரில் குழந்தை ஒரு தட்டு, வெல்லம் மறு தட்டு. இங்கே இரண்டும் ஒரே தட்டில் கிடந்தன, எடைமுள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.